உள்ளே வந்த ஊன்றுகோல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடற்காற்றோடு கொசுக்கடியையும் சேர்த்து வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற திருவொற்றியூர்ப் பெருமக்களே!

'அறிவியல் மனிதனுக்குத் தந்தது அதிகமா, பறித்தது அதிகமா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "செல்போன் வந்து, கண் இருந்தும் நம்மைக் குருடாக்கிவிட்டது" என்றார். நீங்களும் கைதட்டினீங்க. ஐயா, அது கண் உள்ளவன் கதை. கண் இல்லாதவருக்கு அந்தச் செல்போன் என்ன செய்தது? அந்த வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்க.

உங்க ஊர்க் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சுந்தரர் இங்கே மகிழ மரத்தடியிலே, 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்தது, கிளம்பிட்டார். ஊர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போச்சு. இது பெரியபுராணம் சொல்லும் செய்தி. போகிற வழியிலே திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு ஓர் ஊன்றுகோல் கொடுத்தார். கண்கள் திரும்பியது பிறகு, காஞ்சியில் ஒன்று, ஆரூரில் ஒன்று. கேட்டது பார்வை, முதலில் கிடைத்தது கம்பு!

உலகமும் பார்வையற்றவர்களுக்கு நெடுங்காலம் கம்பைத்தான் கொடுத்தது. 1829-ல் லூயி பிரெயில் தன் புள்ளி எழுத்து முறையை நூலாக வெளியிட்டார். அவரும் பார்வையற்றவர். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 'பாரதி பிரெயில்' 1951-ல் வந்தது. பெரிய வரப்பிரசாதம்தான். ஆனால் அன்றாடம் வருகிற செய்தித்தாள் பிரெயிலில் வருமா? பேங்க் பாஸ்புக் வருமா? படிச்சுக் காட்ட ஒருத்தர் வேணும். காதல் கடிதம் வந்தால்கூட அண்ணன்தான் படிச்சுக் காட்டணும்! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. தனக்கு வந்த கடிதத்தைத் தான் மட்டும் படிக்க முடியாத வாழ்க்கை எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. திரையில் தெரிகிற எழுத்து உள்ளே எண்ணாக இருக்கிறது. அதைக் குரலாக மாற்றினால்? அதுதான் ஸ்கிரீன் ரீடர், திரைவாசிப்பான். 1986-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் ஒன்றை உருவாக்கினார். 1989-ல் டெட் ஹென்டர் 'ஜாஸ்' கொண்டுவந்தார். ஹென்டர் யார் தெரியுமா? மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தவர். என்ஃபீல்டு புல்லட் செய்த ஊர்க்காரங்க நீங்க. பந்தயத்தில் ஓட்டினவன் ஒரு நாளில் எல்லாம் இருட்டாகிப் போவது என்னவென்று உங்களுக்குச் சொல்லவா வேணும்?

ஆனால் ஒரு சிக்கல். அந்த மென்பொருளின் விலை சுமார் ஆயிரம் டாலர்! கணக்கு நல்லாயிருக்கா? கண் உள்ளவர் கம்ப்யூட்டர் வாங்கினால் திரைக்கு மட்டும் காசு. கண் இல்லாதவர் தான் பார்க்க முடியாத திரைக்கும் காசு கொடுக்கணும், அதைக் காதால் கேட்கத் தனியாகவும் காசு கொடுக்கணும். அமெரிக்கக்காரனுக்கே கஷ்டம். எண்ணூர்ப் பிள்ளை எங்கே போவான்?

இங்கேதான் வரலாறு திரும்புது. அரசு வாங்குகிற கணினிக் கருவிகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்கணும் என்று 1998-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. 2005-ல் ஆப்பிள் தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே 'வாய்ஸ்ஓவர்' வைத்தது, தனிக் காசு இல்லை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 'என்.வி.டி.ஏ.'வை இலவசமாகவே கொடுக்க ஆரம்பிச்சாங்க.

அடுத்து தொடுதிரை போன் வந்தது. பட்டனே இல்லாத வழவழ கண்ணாடி! இனி நமக்கு வழியே இல்லைன்னு பலர் பயந்தாங்க. 2009-ல் ஐபோனுக்குள் வாய்ஸ்ஓவர் வந்தது. விரலை நகர்த்தினால் விரலுக்குக் கீழே இருப்பதைச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். அதே 2009-ல் ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்'. கூகுளில் அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் டி.வி.ராமன். புனேயில் பிறந்து, பதினான்கு வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த நம்மவர். (கைதட்டல்)

எதிரணியில் ஒரு சகோதரி, "இயந்திரம் வந்து பாசத்தைப் பறித்தது" என்றார். நம்ம சென்னைப் பெண் பெனோ ஜெஃபின் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வை இல்லாத ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. அவருக்கு ஜாஸும் படித்துக் காட்டியது, பெற்ற தாயும் மணிக்கணக்கில் படித்துக் காட்டினார். குரல் இரண்டாச்சே தவிர, பாசம் எங்கேம்மா குறைஞ்சுது?

எல்லாம் சரியாயிடுச்சா என்றால், இல்லை. பேர் வைக்காத பட்டன் வந்தால் போன் பாவம் என்ன செய்யும்? 'பட்டன், பட்டன்' என்றே சொல்லிக்கிட்டிருக்கும். அடையாளச் சரிபார்ப்புக்கு, 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று பார்வையற்றவரிடமே கேட்கிற செயலிகள்! அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தந்தது அறிவியல். நடுவில் பறிக்கப் பார்ப்பது நம்ம அலட்சியம். பழியை இடம் மாற்றிப் போடாதீங்க!

துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்த ராயபுரத்துத் தாத்தாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்குதுன்னு வைங்க. அவர் எங்கேயும் போய் வாங்க வேண்டாம். பையில் இருக்கிற போனின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற இடத்தில் அது காத்துக்கிட்டிருக்கு. தமிழிலும் பேசும். பேரப்பிள்ளைகளே, இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு பத்து நிமிஷம் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக் கொடுங்க.

அன்று தெய்வம் கையில் கொடுத்த கோலை இன்று பொருளுக்குள்ளேயே வைத்து, எல்லோருக்கும் ஒரே விலையில் கொடுத்த அறிவியல் தந்ததே அதிகம் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.