மானிங் ரேஞ்சர்ஸ்: ஒரு கழகத்தின் வாழ்வும் மறைவும்

அரசுகள் தோன்றி மறைந்த வரலாற்றை அறிஞர் பலர் எழுதி வைத்துள்ளனர். ஆனால் ஓர் ஊரின் இளைஞர் கூடி அமைத்த விளையாட்டுக் கழகம் தோன்றிச் சிறந்து மறையுமாயின், அதனை எழுதி வைப்பார் அரியர். மாலை வேளைகளில் நிந்தவூர்க் கடற்கரை மணலிலே பந்துதைத்து வளர்ந்தவர்களுக்கு, கடல் கடந்த ஒரு கழகத்தின் வரலாறும் அந்நியமாகத் தோன்றாது. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிலே நம்மவர் வழியினர் வளர்த்த மானிங் ரேஞ்சர்ஸ் என்னும் உதைபந்தாட்டக் கழகமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தோர் நெற்றாலின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்யப்பட்ட கூலிகள். 1911இல் அம்முறை நிற்கும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவருள் தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தவர் பலர் நகரோரங்களில் காய்கறி பயிரிட்டும், சிறு தொழில் செய்தும் வாழத் தலைப்பட்டனர். அவர்தம் மக்களுக்கு உதைபந்தாட்டம் உயிரினும் இனிய விளையாட்டாயிற்று. 1903இல் கிம்பர்லி நகரிலே தென்னாபிரிக்க இந்திய உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. காந்தியடிகள் அந்நாட்டில் வாழ்ந்த காலத்தில், சாத்துவிக எதிர்ப்பாளர் என்னும் பெயரையே தாங்கிய கழகங்களும் இருந்தன. மைதானம் விளையாடும் இடமாக மட்டுமின்றி, உரிமையற்ற மக்கள் ஒன்றுகூடும் மன்றமாகவும் விளங்கிற்று.

இச்சூழலில், 1928ஆம் ஆண்டில் ஜீ. ஆர். நாயுடு என்பார் மானிங் ரேஞ்சர்ஸ் கழகத்தை நிறுவினார். நிறம் பார்த்து மக்களைப் பிரித்த நாடு அது. வெள்ளையர்க்கு ஒரு சங்கம், இந்தியர்க்கு ஒன்று, கலப்பினத்தார்க்கு ஒன்று, ஆபிரிக்கர்க்கு ஒன்று எனப் பந்தும் பிரிக்கப்பட்டிருந்தது. 1950இல் இயற்றப்பட்ட குழுப்பகுதிச் சட்டம் மக்களை அவர்தம் வீடுகளினின்றும் பெயர்த்தது. கேற்றோ மேனர் முதலிய இடங்களில் வாழ்ந்த இந்தியர், 1960களில் உருவாக்கப்பட்ட சற்ஸ்வேர்த் என்னும் புதுப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். வீடும் தோட்டமும் இழந்தோர் கழகத்தை மட்டும் இழக்கவில்லை. பிற்காலத்தில் சற்ஸ்வேர்த் மைதானமே ரேஞ்சர்சின் கோட்டையாயிற்று.

இனவொதுக்கலின் காரணமாக உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் தென்னாபிரிக்காவை 1961இல் இடைநிறுத்தி, 1976இல் வெளியேற்றியது. மீண்டும் சேர்த்துக்கொண்டது 1992இலேதான். 1994இல் நாடு விடுதலை கண்டது. 1996இல் புதிய உயர்தரத் தொழில்முறைப் போட்டித்தொடர் தொடங்கிற்று. அதன் முதற்பருவத்திலே கிண்ணத்தை வென்றவர் யார்? பல இலட்சம் ஆதரவாளரைக் கொண்ட கைசர் சீவ்சும் அல்லர். ஒர்லாண்டோ பைரற்சும் அல்லர். கோடன் இகசன்ட் என்னும் பயிற்றுநரின் கீழ் ஆடிய மானிங் ரேஞ்சர்சே வென்றனர். அவ்வணியிலே இந்தியர் மட்டுமன்றிப் பல இனத்தாரும் தோளோடு தோள் நின்றனர் என்பது கருதற்பாலது. அங்கு ஆடிய ஜோர்ஜ் குமாந்தராக்கிஸ் பின்னர் சுவிற்சர்லாந்துக் கழகங்களிலும், 2002இல் உலகக் கிண்ணத் தென்னாபிரிக்க அணியிலும் இடம்பெற்றார். 1998இல் ஆபிரிக்கக் கண்டத்தின் வெற்றிவீரர் போட்டியிலே இறுதி எட்டுக் கழகங்களுள் ஒன்றாகவும் ரேஞ்சர்ஸ் திகழ்ந்தது.

ஏறிய வேகத்தினும் இறக்கம் விரைவாயிற்று. தொழில்முறை ஆட்டத்திற்குப் பெரும் பொருள் வேண்டும். சிறந்த ஆட்டக்காரரைச் செல்வமிக்க கழகங்கள் கவர்ந்துகொள்ளும். ஆட்டக்காரர் போயின் வெற்றி போகும். வெற்றி போயின் வருவாய் போகும். இவ்வாறு தளர்ந்த கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிக் கடனில் மூழ்கியது. 2006இல் கேப் டவுனைச் சேர்ந்த பிடென்ஷியா என்னும் நிதி நிறுவனம் அதனை வாங்கி, பெயரை மாற்றி, ஊரையும் மாற்றியது. 2007இல் அந்நிறுவனத்தின் முறைகேடு வெளிப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உரிய நிதியும் அதன் பொறுப்பில் இருந்தது என்பதை எண்ணின் நெஞ்சு கனக்கும். கழகம் மீண்டும் கைமாறி இக்காப்பா என்னும் பெயர் பெற்றது. ஏறத்தாழ 80 ஆண்டுப் பெயர் இவ்வாறு அழிந்தது.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கழகத்தின் சொத்து யாது? போட்டியில் இடம்பெறும் உரிமை விலைப்படும். அதனை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்லவும் இயலும். ஆனால் தந்தை கைப்பிடித்துச் சென்ற மகன் மைதானத்தில் பெற்ற உணர்வு எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதன்று. நிற ஆட்சி ஊரையே பெயர்த்தும் சாய்க்க இயலாத ஒரு கழகத்தை ஒரு விற்பனைப் பத்திரம் சாய்த்துவிட்டது. நம் கடற்கரை ஊர்களின் கழகங்களும் தம் கூட்டக் குறிப்பேடுகளையும், பழைய நிழற்படங்களையும், முன்னோடிகளின் பெயர்களையும் இன்றே பேணி வைத்தல் வேண்டும். ஊரார் உரிமையை ஒருவர் கைக்கு ஒப்படைக்காதிருத்தலும் வேண்டும். கிண்ணம் ஒரு பருவத்திற்கு உரியது. கழகமோ தலைமுறைகளுக்கு உரியது.