காந்த ஊசியும் தேயிலை மலையும்

பூமியின் வடதுருவம் தென்துருவமாக மாறப் போகிறது. அன்று சூரியன் மேற்கே உதிக்கும். மானிட குலம் அத்தோடு அழியும். இப்படியொரு வதந்தி சில ஆண்டுகளுக்கொருமுறை உலகைச் சுற்றி வருகிறது. கலியுகக் கணக்கர்கள் அதற்குச் சாத்திர ஆதாரமும் தேடித் தருகின்றனர். மலையகத்துப் பாடசாலையொன்றில் மாணவன் இதைப்பற்றி வினவினால், வெறும் கட்டுக்கதை என்று ஆசிரியர் தள்ளிவிடுவது நியாயமாகாது. புரள்வது பூமியன்று, அதன் காந்தப்புலம். அது பலமுறை புரண்டிருக்கிறது, இனியும் புரளும். சூரியன் என்னவோ கிழக்கிலேதான் உதிப்பான்.

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி நடுவில் தாங்கி நிறுத்தினால், அது தராசுக்கோல் போல ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். அதே ஊசி லண்டனில் தலைகுப்புறச் சாய்ந்துவிடும். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியையும் இலங்கையின் வடபகுதியையும் ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம். 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதும் இக்கோட்டின் அண்மையை நாடியே.

இந்த அண்மையை நெடுநாளைக்கு முன்னரே பயன்படுத்திக்கொண்டவர் ஜோன் அலன் புரூன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். 1852 இல் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராக வந்த அவர், 1855 இல் அகத்தியமலையின் உச்சியில் காந்த ஆய்வுக்கூடமொன்றை நிறுவினார். அம்மலையின் உயரமும் நுவரெலியா நகரின் உயரமும் ஏறத்தாழ ஒன்றே: 1,868 மீற்றர். பூமியின் காந்தவிசை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது உலகெங்கும் ஒரே வேளையில் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை. யானையும் அட்டையும் நிறைந்த அந்தக் காட்டு மலைக்குக் கருவிகள் தாமாக ஏறிச் சென்றிருக்க மாட்டா. சுமந்த தோள்களை விஞ்ஞான சரித்திரம் அதிகம் பேசுவதில்லை.

அதே காலத்தில் கடலுக்கு இப்பால், வேறு தோள்கள் வேறு மலைகளில் ஏறிக்கொண்டிருந்தன. ஜெர்மனியில் கவுஸ் காந்தவிசையை எண்ணால் அளக்கும் வழியைக் கண்ட சில ஆண்டுகளில், 1840 இல், இலங்கையில் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தமாகி, பின் கோப்பித் துரைமார் கைக்கு மாறின. கண்டிச் சிங்கள விவசாயி நிலத்தை இழந்தான்; தமிழகத்துக் கூலி விவசாயி அந்த நிலத்துக்கு உழைப்பாளியாகக் கொண்டுவரப்பட்டான். 1840 தொட்டுப் பூமியின் காந்தவிசை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துள்ளது. வதந்திக்காரர் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பு இதுவே.

ஆனால் காந்தம் புரண்டதற்குச் சாட்சி என்ன? கல்தான் சாட்சி. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அன்றைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. பிரான்சில் பெர்னார் புருன் 1906 இல், இன்றைய திசைக்கு நேரெதிராகக் காந்தமேறிய எரிமலைப் பாறையைக் கண்டார். ஜப்பானில் மத்துயாமா 1929 இல், அத்தகைய பாறைகள் குறிப்பிட்டதொரு பழங்காலத்தைச் சேர்ந்தவை எனக் காட்டினார். 1950களில் தக்காணத்தின் கரும்பாறைகளையும் இலண்டனிலிருந்து வந்த ஆய்வாளர் அளந்தனர். அம்முயற்சிக்குப் பின்னின்றவர் பிளக்கெற். நோபல் பரிசு பெற்றவர், அணுகுண்டு அரசியலை வெளிப்படையாக எதிர்த்த சோஷலிஸ்டு. கீழடுக்கு தலைகீழாகவும் மேலடுக்கு நேராகவும் காந்தமேறியிருந்தன. அதுமட்டுமன்று, அப்பாறைகள் உருவான காலத்தில் இந்தியாவே பூமத்தியரேகைக்குத் தெற்கே கிடந்தது என்பதும் புலனாயிற்று! 1962 இல் நமது இந்து சமுத்திரத்தின் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர் மீது ‘ஓவன்’ கப்பல் எடுத்த அளவுகள், கடற்தரை விரிவதையும் காந்தம் மாறி மாறிப் புரண்டதையும் ஒருசேர விளக்க உதவின.

கடைசிப் புரட்சி நிகழ்ந்து ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. அது ஒரே இரவில் முடிகிற காரியமல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். இடைக்காலத்தில் காந்தவிசை பத்தில் ஒரு பங்களவுக்கும் தேயலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வடமுனைகளும் தென்முனைகளும் தோன்றலாம். தராசுக்கோலாக நின்ற நுவரெலியா ஊசி எத்திசையில் சாயும் என்று எவரும் கூற முடியாது. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்த்துகள்களை இன்று மிக வன்மையாகத் தடுப்பது தென்னிந்தியாவையும் இலங்கையையும் சூழ்ந்த இந்தப் பகுதியின் காந்தவேலிதான். வேலி தேய்ந்தால் இச்சலுகை போய்விடும். எனினும் பத்து மீற்றர் ஆழத் தண்ணீருக்குச் சமமான காற்றுப் போர்வை தலைக்கு மேல் இருக்கவே செய்யும். முந்திய புரட்சிகளின்போதெல்லாம் உயிரினங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன என்பதற்குச் சான்று இல்லை. 41,000 ஆண்டுகளுக்கு முன் காந்தவிசை சிலகாலம் மிகவும் தளர்ந்தபோதும் மனிதன் பிழைத்தே இருந்தான்.

அப்படியானால் அச்சமே இல்லையா? உண்டு. ஓசோன் படலம் ஓரளவு மெலியலாம். ஊதாக்கடந்த கதிர் கூடலாம். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் அக்கதிர் இன்றே ஏறத்தாழப் பத்து வீதம் மிகும். அந்த வெயிலில் நாள் முழுதும் நின்று கொழுந்து பறிப்பவள் யார் என்று மலையகத்தில் கேட்க வேண்டியதில்லை. சூரியப் புயல்கள் மின்கம்பிகளைத் தாக்குவதும் எளிதாகும். காந்தவேலி உறுதியாக உள்ள நம் காலத்திலேயே, 1989 மார்ச்சில் ஒரு புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணிநேரம் இருளில் ஆழ்த்தியது. ஆனால் லயன் அறைகளுக்கு இருள் புதிதா? விமலசுரேந்திர 1918 இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950 இல் லக்சபானவில் நிறைவேறியது. ஹட்டனை அடுத்த மலையாறுகள் தந்த மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்குப் போயிற்று. மலையிலே மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது.

இயற்கை எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை என்பதற்கு மலையகம் பழைய சாட்சி. 1869 இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. மார்ஷல் வார்ட் வந்து ஆராய்ந்து, மலைமலையாக ஒரே பயிரை நட்டதே பூஞ்சணம் பரவ வழிசெய்தது என்று விளக்கியபோது 1880 கடந்துவிட்டது. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. முதலாளிகளுள் தப்பியோர் தேயிலைக்கு மாறினர். தொழிலாளருக்கு மிஞ்சியது நிலுவைக் கூலியும் கங்காணியின் கடன் கணக்கும்.

காந்தப் புரட்சி ஆயிரம் ஆண்டு முன்னறிவிப்போடு வரும். பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்துக்கும் முன்னறிவிப்பு இருந்தது. அந்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்தது. லயன்கள் அங்கேயே இருந்தன. அவற்றில் வாழ்ந்தோருக்குப் பெயர்ந்து போகச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது.