பெட்டியடிப் பையனும் தேக்குப் பெட்டியும்



'வட்டிக்கடை' என்றால் நம் மாணவர்களுக்குப் புரிகிறது. 'பெட்டியடிப் பையன்' என்றால் விழிக்கிறார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய காலத்தில், தொழில் பழக வந்த சிறுவனுக்கு அதுவே பெயர். அவனுக்கு மேல் அடுத்தாள். அவருக்கும் மேல் மேலாள். பெட்டியின் அடியில்தான் படிப்பே தொடங்கியது.

கிட்டங்கி என்பது ஒரு நீண்ட கூடம். பல நிறுவனங்கள் அதைப் பகிர்ந்துகொண்டன. அவரவர் இடத்தில் தாழ்வான மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதன்முன் சம்மணமிட்டு அமர்ந்து கணக்கெழுதுவார்கள். மூடியே மேசை, உள்ளே பேரேடும் கடன் பத்திரங்களும்.

இத்தகைய பெட்டிக்குத் தேக்கே தக்க மரம். நம் நாட்டு ஈரக்காற்றில் பல மரங்கள் உப்பும், சுருங்கும், மூடி இறுகிக்கொள்ளும். தேக்கு அவ்வளவாக அசையாது. அதன் இயற்கை எண்ணெய் கறையானை எளிதில் அண்டவிடாது. நகரத்தார் பர்மாவிலும் தொழில் செய்தவர்கள். செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கைக் கப்பலேற்றியவர்கள். மரத்தின் அருமை அவர்களுக்குத் தெரியாததன்று. நம் காட்டுச் செங்கால் மரமும் உறுதியானதே. ஆயினும் அந்தக் கனத்தைப் பெட்டியாக்கித் தூக்குவது யார்?

ஜப்பானிய வணிகரும் இவ்வாறே சிந்தித்தனர். எடோ காலத்துக் கடைகளில் கணக்கரின் அருகே 'சோபா தான்சு' என்னும் இழுப்பறைப் பெட்டி இருந்தது. வாடிக்கையாளர் காணும் முகப்புக்கு அழகிய வரிகள் கொண்ட 'கெயாக்கி' என்னும் கடின மரம். துணி வைக்கும் பெட்டிக்கோ மிக இலேசான 'கிரி' மரம். தீ பரவினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே! 1657ஆம் ஆண்டு எடோ நகரப் பெருந்தீயில் சக்கரம் பூட்டிய பெட்டிகள் தெருவை அடைத்துக்கொண்டன. பின்னர் பெருநகரங்களில் அவற்றுக்குத் தடை வந்தது.

அந்த ஜப்பானின் படை 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரைப் பிடித்தது. அவர்கள் அச்சடித்த வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை அந்த நோட்டிலேயே அடைத்தோர் பலர். வாங்க மறுக்கவும் இயலாத காலம். பெட்டியிலிருந்து பத்திரம் வெளியேறியது. நோட்டுக்கட்டு உள்ளே வந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அது வெறும் காகிதமாயிற்று.

நான்காம் ஆண்டிலிருந்து நம் பிள்ளைகளுக்கு வரலாறு ஒரு பாடம். உங்கள் வீட்டில் இத்தகைய பழைய பெட்டி இருந்தால், விற்பதற்கு முன் ஒரு நாள் வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். மூடியை மாணவர்களே திறக்கட்டும்.