டீசலில் செடியின் பங்கு எவ்வளவு? - கார்பன்-14 சொல்லும் கணக்கு

ஒரு பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் 95 பங்கு பெட்ரோலிய எண்ணெயோடு 5 பங்கு தாவர எண்ணெயையும் சேர்த்து உள்ளே விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் டீசல், பெட்ரோல், எரிவாயு எல்லாம் வருகின்றன. அந்த டீசலில் செடியிலிருந்து வந்த பங்கு எவ்வளவு? "இதென்ன கேள்வி, 5 சதவீதம்தான்" என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை.

தாவர எண்ணெயில் ஆக்சிஜன் உண்டு. ஆலைக்குள் அது நீராகவும், கார்பன் மோனாக்சைடாகவும், கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்து போகிறது. போகும்போது கொஞ்சம் கார்பனையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மிச்சக் கார்பன் டீசலுக்குப் போனதா, எரிவாயுவுக்குப் போனதா, கரியாகப் படிந்ததா? சாதாரண வேதியியல் சோதனையில் இரண்டும் ஒரே ஹைட்ரோகார்பன்தான்! ஆனால் "பசுமை" என்று சொல்லும் பங்குக்குத்தான் அரசுச் சலுகையும் கூடுதல் விலையும் கிடைக்கின்றன. பணம் இருக்கும் இடத்தில் பொய்க்கணக்குக்கும் இடம் உண்டு அல்லவா?

சாக்கடை வாயுவும் பெட்ரோலிய வாயுவும்

இதற்கு விடை 1947-லேயே கிடைத்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம்.

1940-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்ட்டின் கேமன், சாம் ரூபன் இருவரும் கார்பன்-14ஐக் கண்டுபிடித்தார்கள். காஸ்மிக் கதிர்களால் இது காற்றில் இயற்கையாகவே உருவாக வேண்டும் என்று கணித்தார் சிகாகோவின் வில்லார்ட் லிப்பி. உயிருள்ளவை எல்லாம் அதை ஏற்கும். இறந்தபின் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய பெட்ரோலியத்தில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

சோதிப்பது எப்படி? இயற்கைக் கார்பனில் இது ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒன்று. அன்றைய கருவிகளுக்கு எட்டாத அளவு. எனவே ஹௌட்ரி நிறுவனத்தின் வேதியியலாளர் கிராஸ் உதவியோடு மீத்தேன் வாயுவில் கார்பன்-14இன் செறிவைக் கூட்டினார்கள். பால்டிமோர் நகரக் கழிவுநீரிலிருந்து கிடைத்த மீத்தேனில் கதிரியக்கம் தெரிந்தது. பெட்ரோலிய மீத்தேனில் தெரியவில்லை!

ஹௌட்ரி என்பது வினையூக்கி மூலம் கச்சா எண்ணெயை உடைக்கும் முறைக்குப் பெயர் பெற்ற நிறுவனம். இன்று தாவர எண்ணெயைக் கலந்து பதப்படுத்தும் முக்கிய இடங்களில் ஒன்று அதே வகைப் பிரிவுதான். ஆனால் அன்று இந்த முறை தொல்லியலுக்குத்தான் போனது. 1960-இல் லிப்பிக்கு நோபல் பரிசும் வந்தது.

கணக்கைக் குழப்பிய இரண்டு

1955-இல் ஹான்ஸ் சூஸ், நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து காற்றின் கார்பன்-14 விகிதத்தைக் குறைத்திருப்பதை மர வளையங்களில் காட்டினார். மறுபக்கம், அணுகுண்டுச் சோதனைகள் 1960களின் தொடக்கத்தில் வட அரைக்கோளக் காற்றில் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. ஆகவே முதிர்ந்த மரத்திலிருந்து வந்த எண்ணெயும் இந்த ஆண்டுப் பயிரின் எண்ணெயும் ஒரே அளவைக் காட்டாது. திருத்தம் போட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

1977-இல் துகள் முடுக்கியால் அணுக்களையே எண்ணும் முறை வந்தது. துளி மாதிரியே போதும் என்றானது.

சட்டம் வந்தது

2002-இல் அமெரிக்க வேளாண் சட்டம், உயிரிப் பொருட்களால் ஆனவற்றை அரசு முன்னுரிமை கொடுத்து வாங்கச் சொன்னது. "உயிரி" என்று எப்படி நிரூபிப்பது? 2004-இல் ஏ.எஸ்.டி.எம். டி6866 என்ற கார்பன்-14 சோதனைத் தரம் வெளியானது. 2010-இல் ஸ்வீடனின் பிரீம் நிறுவனம் கோதன்பர்க் ஆலையில் பைன் மர எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கத் தொடங்கியது. 2018-இல் விமான எரிபொருளுக்கும் 5 சதவீதம் வரை கொழுப்பு, எண்ணெய் சேர்த்துப் பதப்படுத்த அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்தது: ஆலைகள் எடைக் கணக்கு போன்ற முறைகளைப் பின்பற்றலாம், ஆனால் கார்பன்-14 சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. செடியா, பெட்ரோலியமா என்று கார்பன்-14 சொல்லிவிடும். எந்தச் செடி என்று சொல்லாது. வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயும், காட்டை அழித்து நட்ட பனையின் புதிய பாமாயிலும் அதற்கு ஒன்றுதான். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எண்ணெய் வாங்கிய இடத்திலிருந்து ரசீதுகளைப் பின்தொடர்ந்து வரவேண்டும். அணு பொய் சொல்லாது. ரசீது சொல்லலாம்!