டெலிவரிக்குப் பின் விடாத தலைவலி... மூளையின் 'வடிகால்' அடைத்தால் ஸ்கேனில் எப்படித் தெரியும்?

மழை வலுத்தால் தி.நகர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது மாம்பலம் கால்வாயைத்தான். 2021 நவம்பரில் ஜி.என்.செட்டி சாலை, விஜயராகவா சாலைப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். பெய்த மழை ஒரு பக்கம் இருக்க, கால்வாயில் கிடந்த கட்டுமானக் கழிவுகள் மீதுதான் புகார் எழுந்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் ஏறும். அவ்வளவுதான் கணக்கு.

மூளையிலும் இதே மாதிரி ஒரு வடிகால் இருக்கிறது. அது அடைத்துக்கொள்வதற்கு மருத்துவத்தில் 'செரிப்ரல் வீனஸ் த்ராம்போசிஸ்', சுருக்கமாக சிவிடி என்று பெயர். பக்கவாதத்தில் இது அரிய வகை. ஆனால் வயதானவர்களை விட இளம் வயதினரை, அதிலும் குழந்தை பெற்ற பெண்களை அதிகம் தாக்குகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். சிக்கலே கண்டுபிடிப்பதில்தான்.

சைனஸ்னா மூக்குப் பிரச்சினையா?

இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'சைனஸ் த்ராம்போசிஸ்' என்று பார்த்ததும் பலர், "சளி, சைனஸ்தானே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இது வேறு சைனஸ். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் ஓடும் பெரிய சிரைகளுக்கும் அதே பெயர்தான். ஒன்று உச்சந்தலையின் நடுவில் முன்னிருந்து பின்னாகப் போகிறது. பின்மண்டைக்கு வந்ததும் இடம், வலம் என்று பிரிந்து, காதுக்குப் பின்புறமாக இறங்கி, கழுத்துச் சிரையில் சேர்கிறது.

பேச்சுவழக்கில் 'நரம்பு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். ஊசி போடும்போது, "நரம்பு கிடைக்கலை" என்கிறோமே, அது உண்மையில் சிரை. ரத்தத்தை உறுப்புகளுக்குக் கொண்டுவருவது தமனி, திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோவது சிரை. தமனி அடைத்தால் அந்தப் பகுதிக்கு ரத்தம் வராது, சட்டென்று கை, கால் விழும். சிரை அடைத்தால் வந்த ரத்தம் வெளியே போக முடியாமல் தேங்கும். அழுத்தம் ஏறும், மூளை வீங்கும், சில நேரம் சிரை கசிந்து ரத்தம் வெளியேறும். இது மெதுவாக, நாள்கணக்கில் நடப்பதால்தான் ஏமாற்றிவிடுகிறது.

2004-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, 21 நாடுகளில் 624 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. 10-ல் கிட்டத்தட்ட 9 பேருக்குத் தலைவலி இருந்தது. சுமார் 40 சதவீதம் பேருக்கு வலிப்பு வந்திருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க சராசரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது.

டெலிவரி ஆன பெண்ணுக்கு ஏன்?

கர்ப்ப காலத்தின் கடைசியிலும் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களிலும் ரத்தத்தின் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. பிரசவ ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உடல் செய்யும் ஏற்பாடு இது. இதோடு ரத்தசோகை, தொற்று, உடலில் நீர் வற்றுவது ஆகியவை சேர்ந்தால் ஆபத்து ஏறும். "பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது" என்று பத்தியத்தின் பெயரில் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர்கள் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்கவேண்டியதில்லை.

இந்தியாவில் இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே.சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை ரத்தக்குழாய் அடைத்த 135 பேரைப் பற்றிய ஆய்வை 1983-லேயே வெளியிட்டார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பிரசவத்துக்குப் பிந்தைய சிவிடி வந்த 57 பெண்களிடம் ஹெபாரின் மருந்தைச் சோதித்து 1995-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

பெண்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம் 2012-ல் வெளியிட்ட 428 நோயாளிகளின் பதிவேட்டில் பாதிக்கு மேல் ஆண்கள். ரத்தசோகை, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு கூடுதல், மதுப்பழக்கம் போன்றவை காரணங்களாகப் பதிவாகியிருந்தன.

இன்னொரு காரணம் ஹார்மோன் மாத்திரைகள். கருத்தடை மாத்திரை பற்றி மருத்துவர் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கல்யாணம், கோயில் விசேஷம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கலில் நேராக வாங்கிப் போட்ட மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதையும் சொல்லவேண்டும்.

சாதாரண சிடி ஸ்கேன் போதாதா?

இங்கேதான் கவனம் தேவை. தலைவலி என்று போனால் முதலில் எடுப்பது டை இல்லாத சாதாரண சிடி. சிவிடி உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் இதில் ஏதாவது மாற்றம் தெரியும் என்கிறது அமெரிக்க இதய சங்கத்தின் 2011 வழிகாட்டுதல். அதாவது, "சிடி நார்மல், ஒண்ணும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் உள்ளே அடைப்பு இருக்கலாம்.

சிரைகளைப் பார்க்கத் தனி ஸ்கேன் உண்டு. சிடி வெனோகிராம் எடுக்க, கையில் அயோடின் கலந்த டை ஏற்றி, அது மூளைச் சிரைகளுக்கு வந்து சேரும் நேரம் பார்த்துப் படம் பிடிப்பார்கள். சில நிமிட வேலை. சிரை முழுக்க வெள்ளையாக நிறைய வேண்டும். உறைகட்டி இருந்தால் டை அதைச் சுற்றிப் போகும், நடு மட்டும் கறுப்பாக நிற்கும். உச்சந்தலைச் சிரையின் குறுக்குவெட்டு முக்கோணம் என்பதால், இதை 'வெற்று டெல்டா' அடையாளம் என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த டை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால்தான் முன்னதாக கிரியாட்டினின் டெஸ்ட் கேட்கிறார்கள்.

எம்ஆர் வெனோகிராமில் கதிர்வீச்சு இல்லை. ஓடுகிற ரத்தம் தரும் சிக்னலை வைத்தே படம் எடுக்க முடியும் என்பதால் டை இல்லாமலும் செய்யலாம். கர்ப்பிணிகளுக்கு இதுதான் வசதி. கூடவே எஸ்டபிள்யூஐ என்ற ஒரு வகைப் படமும் எடுப்பார்கள். ஆக்சிஜன் இழந்து தேங்கிய ரத்தம் அதில் கன்னங்கரேலென்று தெரியும். வெனோகிராமில் நழுவிவிடும் சின்னச் சிரைகளின் அடைப்பு பல நேரம் இதில்தான் மாட்டும்.

தொடை வழியாக குழாய் விட்டு எடுக்கும் டிஎஸ்ஏ ஆஞ்சியோகிராம் இப்போதெல்லாம் சந்தேகம் தீராதபோது மட்டும்தான்.

ரிப்போர்ட்டில் 'சிறுத்துள்ளது' என்றால் பயப்படணுமா?

எம்ஆர் வெனோகிராம் பார்ப்பது ஓட்டத்தை. ரத்தம் மெதுவாக ஓடினாலே அந்த இடம் அடைத்தது போலக் காட்டும். பலருக்கு இடப்பக்கச் சிரை பிறப்பிலேயே சிறியது. மூளை எம்ஆர்ஐ இயல்பாக இருந்த 100 பேரை வைத்து 2000-ல் வெளியான ஒரு ஆய்வில், 31 சதவீதம் பேருக்குப் பின்மண்டைச் சிரையில் இப்படி ஒரு இடைவெளி தெரிந்தது. அவர்களுக்கு அங்கே எந்த நோயும் இல்லை. ஆகவே ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் பார்த்து கூகுளில் தேடி இரவெல்லாம் தூங்காமல் கிடப்பது வீண்.

சிரைப் படத்தைத் தவறாகப் படித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. கழுத்துச் சிரை சுருங்கி மூளை ரத்தம் சரியாக வடியாததுதான் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்குக் காரணம் என்று இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சாம்போனி 2009-ல் சொன்னார். பலூன் வைத்து சிரையை விரிக்கும் சிகிச்சைக்காக கனடா போன்ற நாடுகளிலிருந்து நோயாளிகள் இந்திய மருத்துவமனைகளுக்கும் வந்தார்கள். 2012-ல் அமெரிக்க எஃப்டிஏ எச்சரித்தது. 2013-ல் கனடா ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு இது: பாதிக்கு மேல் சுருங்கிய சிரை நோயாளிகளில் 74 சதவீதம், நோயே இல்லாதவர்களில் 70 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். 2017-ல் சாம்போனியின் சொந்த ஆய்விலேயே அந்த சிகிச்சையால் பலன் இல்லை என்று தெரிந்தது.

எப்போது ஸ்கேன் கேட்கலாம்?

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டிருந்தால் தலைவலி வருவது சகஜம். அந்த வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். சிவிடி தலைவலி பெரும்பாலும் நேர்மாறு. படுத்தால், இருமினால், முக்கினால் அதிகமாகும். காலையில் எழும்போதே இருக்கும். படுத்தும் வலி குறையாவிட்டால், அல்லது வாந்தி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. வலிப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்றால் 108-தான்.

மருத்துவரிடம் சொல்லவேண்டியது: டெலிவரி ஆகி எத்தனை நாள், என்ன மாத்திரை, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையும் பிரச்சினை உண்டா. "சிரையையும் ஒரு தடவை பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஸ்கேன் சென்டருக்கு எழுதும் சீட்டில் இந்த விவரம் இருந்தால், படம் பார்க்கும் மருத்துவரின் கண் முதலில் சிரைக்குத்தான் போகும்.

ரத்தக்கசிவு இருக்கும்போது ரத்தத்தை இளக்கும் மருந்தா?

உறவினர்கள் கலங்கிப்போவது இந்த இடத்தில்தான். "மூளையில ரத்தம் கசியுதுன்னு சொல்றீங்க, அதுக்கு உறையாம இருக்க ஊசி போடறீங்களே?" நியாயமான கேள்வி. கசிவுக்குக் காரணமே அடைப்பால் ஏறிய அழுத்தம். வடிகால் திறந்தால்தான் அழுத்தம் குறையும். 1991-ல் ஜெர்மனியில் 20 பேரிடம் நடந்த சோதனையிலிருந்தே, கசிவு இருந்தாலும் ஹெபாரின் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் அஸ்ட்ராஜெனெகா வகை தடுப்பூசிக்குப் பிறகு மிக அரிதாக வந்த சிவிடியில் பிளேட்லெட் எண்ணிக்கையும் விழுந்தது, அவர்களுக்கு ஹெபாரின் தவிர்க்கப்பட்டது.

ஊசிக்குப் பிறகு மாத்திரை 3 மாதம் முதல் ஒரு வருடம் வரை, காரணத்தைப் பொறுத்து. 3 முதல் 6 மாதத்துக்குள் மறுபடியும் வெனோகிராம் எடுத்து சிரை திறந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ள இது தடை இல்லை. ஆனால் பழைய ரிப்போர்ட்டை முதல் செக்கப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடவேண்டும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ஹெபாரின் ஊசி தேவையா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.