சைக்கிள் வண்டியான கதை

சைக்கிள் ஒரு வண்டியா? இதென்ன அசட்டுக் கேள்வி என்று சிரிக்காதீர்கள். 1879-ஆம் வருஷம் லண்டனில் நீதிபதிகள் டோப்பா தரித்துக்கொண்டு இந்தக் கேள்வியைத்தான் விசாரித்தார்கள்.

வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்று ஒரு மேடு. அங்கே கண்மண் தெரியாத வேகத்தில் சைக்கிள் விட்ட ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. வண்டியைத் தாறுமாறாக ஓட்டுவது 1835-ஆம் வருஷத்துச் சாலைச் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தச் சட்டம் எழுதியபோது, மிதித்து ஓட்டும் சைக்கிள் எங்கே இருந்தது? "இது வண்டியே அல்ல" என்பது அவர் கட்சி. நீதிபதிகள் ஒப்பவில்லை. ஆளைச் சுமந்து செல்கிறது. ஏறியவரே அதைச் செலுத்துகிறார், திருப்புகிறார். ஆகவே வண்டிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கில் தோற்றார் மனிதர். ஆனால் ஜயித்தது சைக்கிள்! வண்டி என்றால் சாலையில் அதற்கும் பாத்தியதை உண்டல்லவா?

அதற்கு முந்திய வருஷந்தான், சைக்கிள்களைக் கட்டுப்படுத்த விதி செய்யும் அதிகாரத்தை மாவட்ட அதிகாரிகளுக்குப் பார்லிமெண்ட் கொடுத்திருந்தது. 1888-இல் மாவட்டக் கவுன்ஸில்களைப் பிறப்பித்த சட்டமே அந்த அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது; பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே கைக்காப்பைக் கழற்றினாற்போல! சைக்கிள் வண்டியே என்று அந்தச் சட்டமும் உறுதி செய்தது. இரவில் விளக்கு வேண்டும், பிறரைத் தாண்டும்போது மணியடிக்க வேண்டும் என்றது. (விளக்கில்லாமல் பிடிபடும்போதெல்லாம் "இப்போதுதான் அணைந்தது, ஐயா" என்பாராம் என் தகப்பனார். போலீஸ்காரர் விளக்கைத் தொட்டுப் பார்ப்பாராம். அது ஜில்லென்றிருக்கும்.)

வண்டியாகிவிட்டதில் ஒரு சங்கடமும் உண்டு. 1835-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடைபாதையில் வண்டி ஏறக்கூடாது. ஆகையால் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஒரு கவுன்ஸில் நடைபாதையைச் சைக்கிளுக்கும் விட வேண்டுமானால், 1980-ஆம் வருஷச் சட்டத்தின் ஒரு பிரிவின்படி நடைபாதையை "நீக்கி", இன்னொரு பிரிவின்படி சைக்கிள் பாதையை "அமைக்க" வேண்டும். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் காகிதத்திலேயே இதைச் செய்துவிடலாம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பாதையும் இல்லை.

புகையில்லாத போக்குவரத்துக்கு வழிவிட வேண்டும் என்ற இந்தக் காலத்திலும் கோர்ட்டுப் படி ஓயவில்லை. 2020-இல் கொள்ளைநோயின்போது, லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பிஷப்ஸ்கேட் தெருவைப் பகல் வேளையில் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கியது. டாக்ஸி ஓட்டிகளின் சங்கங்கள் வழக்காடின. நடக்க முடியாதவர்கள் டாக்ஸியை நம்பியிருக்கிறார்களே, அவர்களை யோசித்தீர்களா என்பது முக்கியமான கேள்விகளுள் ஒன்று. 2021 ஜனவரியில் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஜூலையில் மேல்கோர்ட்டு அதை மாற்றி, நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். வாசலில் டாக்ஸி வந்து நிற்க வேண்டிய ஒரு கிழவியை நினைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை.