சேவ் பண்ணதும் தானா ஓடுதே, அதுக்கு யார் சொன்னது?

எடிட்டர்ல ஒரு வரியை மாத்துறீங்க, கண்ட்ரோல் எஸ் அடிக்கிறீங்க. கண் இமைக்கிறதுக்குள்ள பக்கத்து விண்டோவுல சர்வர் ரீஸ்டார்ட் ஆகுது, டெஸ்ட் ஓடுது. நோட்மான், ஜெஸ்ட், வீட்னு டூலோட பேர் மாறலாம். ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கிற கேள்வி ஒண்ணுதான்: ஃபைல் மாறிடுச்சுன்னு அந்த டூலுக்கு எப்படித் தெரியுது? இன்னைக்கு அந்தக் கதைதான்.

வீணாப்போன ஒரு காலைப்பொழுது

1976. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, பெல் லேப்ஸ். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரின் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் தலைவிதியை நொந்துகொண்டே நுழைகிறார். யாக் என்ற புகழ்பெற்ற டூலை எழுதியவர் அவர். காலை முழுக்க ஒரு பக்கைத் தேடியிருக்கிறார். கடைசியில் பார்த்தால், அந்த பக்கை ஏற்கெனவே சரி செய்தாகிவிட்டது! திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டதால், பழைய கோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனும் முந்தின நாள் சாயங்காலம் இதே பிரச்சனையோடுதான் மல்லுக்கட்டியிருந்தார். அந்த வார இறுதியிலேயே ஒரு டூலை எழுதி முடித்தார். அதுதான் 'மேக்'. 2003-ல் அதற்காக ஏசிஎம் அமைப்பின் சாஃப்ட்வேர் சிஸ்டம் விருதும் கிடைத்தது.

மேக்கோட லாஜிக் ரொம்ப சிம்பிள். சோர்ஸ் ஃபைல் கடைசியா எப்போ மாறுச்சு, அதிலிருந்து கம்பைல் பண்ண ஃபைல் எப்போ உருவாச்சு? ரெண்டு நேரத்தையும் ஒப்பிடு. சோர்ஸ் புதுசா இருந்தா மறுபடி கம்பைல் பண்ணு. அவ்வளவுதான். ஆனா ஒரு குறை: மேக் நாம கூப்பிட்டாதான் வரும். தானா எழுந்து பார்க்காது.

கேட்டுக்கிட்டே இருக்கிறதா, சொல்லச் சொல்றதா?

அப்போ ஒரு லூப் போட்டு, செகண்டுக்கு ஒரு தடவை எல்லா ஃபைலோட நேரத்தையும் பார்த்தா என்ன? பார்க்கலாம். இதுக்குப் பேர்தான் போலிங். பஸ் வந்துடுச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை தெருமுனைக்கு ஓடிப் பார்க்கிற மாதிரி. பத்து ஃபைலுக்கு ஓகே. ஐம்பதாயிரம் ஃபைல் இருந்தா? எதுவுமே மாறாத நேரத்திலும் லேப்டாப் உழைத்துக்கொண்டே இருக்கும்.

யோசிச்சுப் பாருங்க, எந்த ஃபைலில் எழுதினாலும் அது கெர்னல் வழியாகத்தான் போகணும். அப்போ கெர்னலுக்கு எல்லாமே தெரியும். அதையே சொல்லச் சொன்னா என்ன?

லினக்ஸில் முதலில் வந்தது டிநோட்டிஃபை, 2001-ல் வெளியான 2.4 கெர்னலோடு. அதில் தொல்லை அதிகம். கவனிக்க வேண்டிய ஒவ்வொரு டைரக்டரியையும் திறந்தே வைத்திருக்கணும். அதனால் பென் டிரைவில் ஒரு டைரக்டரியைக் கவனித்தால், அந்த டிரைவை அன்மவுன்ட் செய்ய முடியாது. அதுவும் "இந்த டைரக்டரியில் ஏதோ மாறியிருக்கு" என்று மட்டும்தான் சொல்லும். எந்த ஃபைல் என்று நாமே தேடணும்.

இதைச் சரி செய்தவர்கள் ஜான் மக்கட்சனும் ராபர்ட் லவ்வும். அவர்களின் ஐநோட்டிஃபை 2005 ஆகஸ்டில் 2.6.13 கெர்னலில் வந்தது. இதை ஆவலோடு எதிர்பார்த்து முதலில் பயன்படுத்தியவர்களில் முக்கியமானது பீகிள் என்ற டெஸ்க்டாப் தேடல் டூல். புது ஃபைல் வந்ததும் அதற்குத் தெரியணும், அதுதான் தேவை. ஆப்பிள் பக்கமும் இதே கதைதான். 2007-ல் லெப்பர்டோடு வந்த எஃப்எஸ்ஈவன்ட்ஸை வைத்துத்தான் டைம் மெஷின், போன பேக்கப்புக்குப் பிறகு எங்கெல்லாம் மாறியிருக்கு என்று கண்டுபிடித்தது. தேடலும் பேக்கப்பும் போட்ட ரோட்டில்தான் பிறகு நம்ம டெவலப்பர் டூல்கள் வண்டி ஓட்டின: 2010-ல் நோட்மான், 2012-ல் சோக்கிடார், 2013-ல் ஃபேஸ்புக்கின் வாட்ச்மேன்.

கெர்னல் சொன்னா போதுமா?

இங்கதான் கதை சுவாரசியமாகுது. ஐநோட்டிஃபை கவனிப்பது ஃபைலின் பெயரை இல்லை, அதன் ஐநோடை. விம் மாதிரி எடிட்டர்கள் பல சமயம் என்ன பண்ணும்? பழைய ஃபைலை வேற பெயருக்கு மாற்றிவிட்டு, அதே பெயரில் புது ஃபைலை எழுதும். பெயர் அதேதான், ஆனா ஆள் வேற! டூல் பழைய ஆளையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் பல டூல்கள் ஃபைலை விட்டுவிட்டு டைரக்டரியைக் கவனிக்கின்றன.

அதிலும் சிக்கல். ஒவ்வொரு உள் டைரக்டரிக்கும் தனி வாட்ச் வேணும். ரொம்ப நாளாக ஒரு யூசருக்கு 8192 வாட்ச்தான் டிஃபால்ட். பெரிய நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது வரும் எரர், டிஸ்க்கில் இடம் இல்லை என்கிற அதே எரர். டிஸ்க் பாதி காலியாக இருக்கும், இருந்தாலும் அந்த எரர்தான் வரும்! 2021-ல் வந்த 5.11 கெர்னலில்தான் மெஷினின் மெமரியைப் பொறுத்து இந்த எல்லை உயர்ந்தது.

இன்னொண்ணு. கிட்டில் பிராஞ்ச் மாற்றினால் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் ஒரே நேரத்தில் மாறலாம். செய்திகளை வைக்கும் வரிசை நிரம்பிவிட்டால், "சிலதை விட்டுட்டேன்" என்று மட்டும்தான் கெர்னல் சொல்லும். எதை விட்டது என்று சொல்லாது. அப்போது வாட்ச்மேன் மொத்த மரத்தையும் முதலிலிருந்து நடந்து பார்க்கிறது. நெட்வொர்க் டிரைவில் இன்னொரு மெஷின் செய்த மாற்றம் ஐநோட்டிஃபைக்குத் தெரியவே தெரியாது. அங்கே இன்னும் போலிங்தான்.

ஆக, கெர்னல் தருவது ஒரு துப்பு மட்டும்தான். சாட்சி ஃபைல்தான். துப்பு வந்ததும் போய்ப் பார்க்கணும், வராவிட்டாலும் சில சமயம் போய்ப் பார்க்கணும். அப்படிப் பார்க்கும்போது நாம செய்வது 1976-ல் ஃபெல்ட்மன் செய்த அதே வேலைதான்: ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அடுத்த தடவை டெஸ்ட் எல்லாம் பச்சையா வந்து, ஆனா பக் மட்டும் அப்படியே இருந்தா, கோடை நோண்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தப் பச்சை நீங்க இப்போ எழுதின கோடுக்கா, இல்ல பழைய கோடுக்கான்னு பாருங்க. ஜான்சனுக்கு ஒரு காலைப்பொழுது போச்சு. உங்களுக்குப் போக வேண்டாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.